ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் ஒரு கல்

எங்கள் பட்டறை வாசலில் ஒரு கருங்கல் கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் டயர் கறுப்பு ஏறி வழவழவென்று இருக்கும். வண்டி உள்ளே வந்ததும் பட்டறைப் பையன் யாரும் சொல்லாமலே அதைக் காலால் உருட்டிவந்து பின் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுவான். அப்புறம்தான் பானட்டைத் திறப்போம். வந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பிடிக்குமா என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்: “இருக்கு அண்ணாச்சி, ஆனா பிடிக்காது.”

கோவில்பட்டி வட்டாரத்தில் இதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் கரிசல் காடு தட்டையாகக் கிடப்பது. எட்டயபுரம் தாண்டி விளாத்திகுளம் பக்கம் போனால் மேடு என்று சொல்ல ஒரு கண்மாய்க் கரைதான் கண்ணில் படும். வண்டியை எங்கே நிறுத்தினாலும் நின்ற இடத்தில் நிற்கும். மாட்டு வண்டிக் காலத்திலும் அப்படித்தான். மாட்டை அவிழ்த்து நுகத்தடியைத் தரையில் சாய்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஊட்டிக்காரருக்கு வண்டி நின்றதும் கை தானாக லீவருக்குப் போகும். எங்கள் ஊர்க்காரருக்கு அது செல்போன் சார்ஜர் வயரைச் சுற்றி வைக்கிற குச்சி.

கம்பெனியிலிருந்து வந்த வண்டியாவது பரவாயில்லை. அவர்கள் ஒன்றை வைத்துத்தான் அனுப்பினார்கள், கெடுத்தது நாம். சொந்தமாக வண்டி கட்டுகிற பையன்கள் அதை வைக்கவே மறந்துபோகிறார்களே, அதுதான் இப்போது என் வழக்கு.

சென்ற வருஷம் எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். வீட்டில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். படைப்புழுவுக்கு மருந்தடித்தே முதுகு போய்விடுகிறது என்று, மருந்து டேங்கும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் ஓட ஒரு வண்டி கட்டியிருந்தான். இரும்புக் குழாயில் கூடு. பழைய ஆம்னியின் இன்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சு. வெல்டிங் அவனே வைத்தது. சொல்லக்கூடாது, என் கையைவிடச் சுத்தம். ரோட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவான வண்டியையே இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிப் பிடித்துச் சொல்லிவிட்டது. காட்டுக்குள் ஓடுகிற வண்டி, கேட்பார் இல்லை.

ஆம்னி அச்சில் வந்த டிரம் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, மோட்டார் சைக்கிள் டிஸ்க்கும் கேலிப்பரும் மாட்டியிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, “டிஸ்க்தான் அண்ணாச்சி கெத்து” என்றான். ஹேண்ட் பிரேக்? இருந்தது. சீட்டுப் பக்கத்தில் முழ நீளத்துக்கு ஒரு சிவப்பு லீவர். ஆன்லைனில் வாங்கியதாம். வண்டியைச் சறுக்கவிட்டு வளைவு திரும்புகிற ரேஸ்காரர்கள் இழுக்கிற ஹைட்ராலிக் லீவர் அது. கால் பிரேக்குக்குப் போகும் அதே ஆயில் குழாயில் நடுவே ஒரு சின்ன மாஸ்டர் சிலிண்டர். இழுத்தால் பின் சக்கரம் இரண்டும் கவ்வும். இழுத்த இடத்தில் நிற்பதற்கு ஒரு கொக்கியும் வைத்திருந்தான். இதை நம்பி வண்டியை நிறுத்தாதே என்று சொன்னேன். தலையாட்டினான். தலையாட்டுவதில் இந்தப் பையன்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இரண்டு மாதம் கழித்து, டேங்கில் தண்ணீர் நிரப்ப வண்டியைக் கண்மாய்க் கரைச் சரிவில் ஏற்றி நிறுத்தினான். லீவரை இழுத்துக் கொக்கி போட்டான். டேங்க் நிறைந்தது. பம்பை நிறுத்திவிட்டு உடை மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறான். களை வெட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள்தான் கத்தினார்களாம், வண்டி போகுது வண்டி போகுது என்று. அவன் எழுந்து பார்க்கும்போது வண்டி பின்பக்கமாகவே தண்ணீருக்குள் இறங்கி, முன் சக்கரம் இரண்டும் மேலே தூக்கி நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. அதற்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவன் தம்பி, எட்டாம் வகுப்புப் படிக்கிறவன், அந்த வண்டிக்குப் பின்னால்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

ஏன் உருண்டது? கொக்கி விடவில்லை. லீவர் இழுத்த இடத்திலேயேதான் இருந்தது. ஆயில் அழுத்தம் போய்விட்டது. ரப்பர் சீல் வழியாகச் சொட்டுக்கூட வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கசியும். ஓடி வந்த சூட்டில் விரிந்த ஆயிலும் டிஸ்க்கும் நிழலில் ஆறும்போது சுருங்கும். ஒரு மயிரிழை சுருங்கினால் போதும், பேடு விட்டுவிடும். பாதத்தால் அமுக்கிக்கொண்டிருக்கும்வரை இதெல்லாம் தெரியாது. கால் தானாகச் சரிசெய்துகொள்ளும். ஆள் இல்லாத வண்டியில் அதைச் சரிசெய்ய யார் இருக்கிறார்கள்? அதனால்தான் உலகத்தில் வண்டி விதி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: நிறுத்தி வைக்கிற பிரேக்கைப் பிடித்து நிற்க வைப்பது இரும்பாக இருக்க வேண்டும், ஆயிலாகவோ காற்றாகவோ இருக்கக் கூடாது. நம் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 96-வது விதி, கால் பிரேக்கும் நிறுத்து பிரேக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு ஏற்பாடுகளாக இருக்க வேண்டும் என்கிறது. தம்பியின் வண்டியில் இரண்டும் ஒரே குழாய். அந்த ஓஸ் ஒன்று வெடித்திருந்தால் காலும் இல்லை, கையும் இல்லை.

எனக்கு இந்தப் பாடம் 1980 வாக்கில் ஆனது. தீப்பெட்டி லோடு லாரியில் கிளீனர். சேலம் தாண்டித் தொப்பூர் கணவாய் ஏறும்போது டிரைவர் கியர் மாற்றத் தடுமாறினால் போதும், நான் கதவைத் திறந்து குதித்து, கையில் கட்டையோடு பின் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓட வேண்டும். லாரி மூச்சு முட்டி நிற்கும்; பின்னால் ஒரு அங்குலம் வரும்; அந்த ஒரு அங்குலத்துக்குள் கட்டை உள்ளே போக வேண்டும். ஹேண்ட் பிரேக் லீவர் இடுப்பு உயரத்துக்கு இருந்தது, டிரைவர் துண்டு காயப்போட. இப்போதைய ஏர் பிரேக் லாரியைப் பாருங்கள். குமிழை இழுத்ததும் ‘புஸ்’ஸென்று சத்தம் வருகிறதே, அது காற்று பிரேக்கைப் போடுகிற சத்தம் இல்லை, காற்று வெளியேறுகிற சத்தம். உள்ளே ஒரு கனத்த ஸ்பிரிங். ஓடும்போது அதைக் காற்று அமுக்கி வைத்திருக்கிறது. காற்றை விட்டால் ஸ்பிரிங் தானாகக் கவ்வும். காற்று மொத்தமும் போனாலும் வண்டி நகராது. இதைக் கண்டுபிடித்தவன் கிளீனராக இருந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

சொந்தமாகக் கார் கட்டுகிறவனுக்குப் பின் சக்கரத்தில் என்னென்ன வழி இருக்கிறது என்று அந்தத் தம்பிக்குப் பட்டறைத் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன்.

டிஸ்க்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஹேண்ட் பிரேக் நெம்புகோல் சேர்ந்தே வரும் கேலிப்பர் இருக்கிறது; பின்னால் டிஸ்க் உள்ள பல கம்பெனிக் கார்களில் அதுதான். உள்ளே பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு திருகாணி, கேபிள் இழுத்தால் திருகு பிஸ்டனைத் தள்ளும். பேடு மாற்றும்போது அந்தப் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். தெரியாமல் சி-கிளாம்ப் போட்டு அமுக்கி நாசமாக்கியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. டிஸ்க்கின் தொப்பிக்குள்ளே சின்ன டிரம் ஒன்றை ஒளித்து வைப்பது இன்னொரு வழி. பழைய மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ. எல்லாம் அப்படித்தான். நல்ல ஏற்பாடு, ஆனால் அச்சு, ஹப் எல்லாம் அதற்கென்றே வார்த்திருக்க வேண்டும், லேத்தில் கடைந்து ஒட்டவைக்கிற காரியம் இல்லை. ஹேண்ட் பிரேக்குக்கென்றே தனியாகக் குட்டிக் கேலிப்பர் ஒன்றை அதே டிஸ்க்கில் மாட்டலாம். ஜாகுவார் இ-டைப்பில் 1961-லேயே மாட்டினார்கள். அழகில் உலகையே மயக்கிய அந்தக் காரின் ஹேண்ட் பிரேக் பிடிப்பதைப் பற்றி அதன் சொந்தக்காரர்கள் யாரும் பெருமையாகச் சொன்னதில்லை. மோட்டார் வைத்த எலெக்ட்ரிக் பிரேக் 2001-ல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் வந்து இப்போது நம் ஊர் கார்களிலும் பட்டனாக வந்துவிட்டது. அதற்குத் தனி கன்ட்ரோலர் வேண்டும். காட்டில் பேட்டரி இறங்கிப்போனால் வண்டி பிடித்த பிடியில் நிற்கும். அதை விடுவிக்க நான்தான் வர வேண்டும், காட்டுக்குள் நான் எப்படி வருவேன்?

கியர் பாக்ஸுக்குப் பின்னால், ஷாஃப்டில் ஒரே ஒரு பிரேக் வைப்பதைப் பற்றியும் கேட்டான். பழைய வில்லிஸ் ஜீப்பில் இருந்தது. கிரவுன் பல்லின் விகிதம் கைகொடுப்பதால் சின்ன பிரேக்கே பெரிய வண்டியைப் பிடிக்கும். ஆசைப்பட வைக்கிற வழிதான். எனக்கு அது ஒரு தழும்பு கொடுத்திருக்கிறது. பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒரு ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் நன்றாகப் போட்டுவிட்டு, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். தூக்கின சக்கரம் தரையை விட்டதும் ஜீப் நகர ஆரம்பித்தது. ஷாஃப்ட் பூட்டித்தான் இருந்தது. ஆனால் டிஃபரன்ஷியல் இருக்கிறதே, ஒரு சக்கரம் முன்னால் சுற்றினால் இன்னொன்று பின்னால் சுற்ற அது வழிவிடும். தொங்குகிற சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றச் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் வண்டியைக் கூட்டிக்கொண்டு போகிறது. ஜாக்கி சாய்ந்தது, என் முழங்கையோடு. கரிசல் காட்டில் மழைக்குப் பின் ஒரு சக்கரம் சேற்றிலும் ஒரு சக்கரம் கெட்டித் தரையிலும் நிற்பது தினசரி நடப்பு. அங்கே இந்த பிரேக் வேண்டாம்.

மிச்சம் இருப்பது அவன் கழற்றி எறிந்த டிரம்தான்.

டிரம்முக்குக் கெத்து இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் லோடும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்தடிக்கு ஓரடி ஏறுகிற சரிவில், அதாவது 20 சதவீத மேட்டில், அது கீழே இழுப்பது கிட்டத்தட்ட 200 கிலோ பாரம். ஐ.நா.வின் 13-எச் விதி கார்களுக்குச் சொல்கிற சரிவும் இதே 20 சதவீதம்தான். அதையும் கையால் 40 கிலோவுக்கு மேல் இழுக்காமல் நிறுத்த வேண்டும். சக்கரத்தின் ஆரம் 27 சென்டிமீட்டர், டிரம்மின் ஆரம் 10 என்றால், டிரம் பரப்பில் 540 கிலோ பிடிக்க வேண்டும், பக்கத்துக்கு 270. டிஸ்க் என்றால் இந்த 270-ஐயும் பேடை அமுக்குகிற சக்தியிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். கேபிளில் கையால் இழுத்து அதைச் செய்வது சிரமம். டிரம்மில் நிலைமை வேறு: சுற்ற முயல்கிற டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து உள்ளே அழுத்திக்கொள்கிறது. வண்டி உருள நினைப்பதே பிரேக்கை இறுக்குகிறது. பின்னால் உருண்டால் அந்த வேலையை மற்ற ஷூ எடுத்துக்கொள்ளும்.

சக்கரமே தன்னைத் தடுத்துக்கொள்கிற இந்த வித்தை நமக்குப் புதிதா என்ன? பங்குனித் திருவிழாவில் செண்பகவல்லி அம்மன் தேர் வரும்போது சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பாருங்கள். கட்டையைத் தூக்கி அமுக்க வேண்டியதில்லை. முனையைக் காட்டினால் போதும், தேரின் பாரமே ஏறி அழுத்திக்கொள்ளும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது. அப்புறமும் முட்டுக்கட்டைக்காரர்கள் வீட்டுக்குப் போகவில்லை, சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

இனி எங்கள் மண். எந்தப் புத்தகத்திலும் இதைப் பார்த்ததில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கரிசல் காய்ந்தால் மாவு மாதிரிப் பறக்கும், நனைந்தால் மெழுகு மாதிரி அப்பும், அப்பியது காய்ந்தால் சிமென்ட். கேபிளின் உறைக்குள் ஒரு தடவை இந்தச் சேறு போனால் உள்கம்பி இழுத்த இடத்திலேயே நின்றுவிடும்; லீவரைக் கீழே விட்டாலும் பிரேக் விடாது. அப்புறம் லைனர் தேய்ந்து கருகி வாசம் வரும்போதுதான் தெரியும். ஐப்பசி மழையில் ஹேண்ட் பிரேக் போட்டு நாலு நாள் நிறுத்திவைத்தால் ஷூ துருவோடு டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுத்தியலால் தட்டி விடுவித்தவன் மறுபடி ஜென்மத்துக்கும் ஹேண்ட் பிரேக்கைத் தொட மாட்டான். கேபிளை அச்சுக்குக் கீழே தொங்கவிடாமல் கூட்டின் குழாயோடு மேலே கொண்டுபோக வேண்டும். இரண்டு முனையிலும் ரப்பர் தொப்பி போட வேண்டும். வளைவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுக்க நடுவில் ஈக்வலைசர் வேண்டும். ஒரு சின்னத் தகடுதான், அதையும் விட்டுவிடுகிறார்கள். நாள்கணக்கில் நிற்கப்போகிற வண்டியென்றால் பிரேக்கை விட்டுவிட்டுக் கியரில் போட்டுக் கல் வையுங்கள். கல்லுக்கு நான் எதிரி இல்லை.

இந்தப் பையன்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய? அவர்கள் வண்டி கட்டக் கற்றுக்கொண்டது போட்டிகளுக்காக. கோவையில் கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டி ஒரு தலைமுறைக்கே ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தார். 1995-ல் அவர் போனபின் அவர் பெயரில் எழுந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் இன்று கல்லூரி மாணவர்களின் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. அங்கே பிரேக் பரிசோதனை உண்டு, கறாராகவே உண்டு: ஓட்டிவந்து மிதித்தால் நாலு சக்கரமும் பூட்ட வேண்டும். ஹேண்ட் பிரேக் கேட்பதில்லை. ரேஸ் காருக்கு அது தேவையுமில்லை. நிற்கும்போது பிடித்துக்கொள்ள நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் அதே பையன் ஊருக்கு வந்து அப்பாவுக்குக் காட்டு வண்டி கட்டும்போதும் ரேஸ் கார் பட்டியலையே மனசில் வைத்துக்கொண்டு கட்டுகிறான். அந்தப் பட்டியலில் இல்லாதது அவன் வண்டியிலும் இல்லை. 1962-லிருந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது. நாட்டில் ஓடுகிற வண்டிகளுக்கு பிரேக் செய்து அனுப்புகிற மாநிலம் நாம். நம் பிள்ளைகள் கல்லைத் தேடுகிறார்கள்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. இந்த வட்டாரத்தில் இருக்கிற ஒவ்வொரு பொறியியல் கல்லூரியும், பாலிடெக்னிக்கும், ஐ.டி.ஐ.யும் தன் வளாகத்தில் ஒரு மேடு கட்டட்டும். பதினைந்தடி நீளம், மூன்றடி உயரம், கான்கிரீட். ஐந்துக்கு ஒன்று. மாணவன் கட்டிய எந்த வண்டியானாலும், லோடோடு அதில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போட்டு, இறங்கி நிற்கட்டும். மூக்கு மேலே ஒரு தடவை, மூக்கு கீழே ஒரு தடவை. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்வரை வண்டி அங்கேயே இருந்தால் மார்க் போடுங்கள். ஐந்து நிமிஷ சோதனை போதாது. தம்பியின் சிவப்பு லீவரும் ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் பிடித்தது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களும் அந்த மேட்டுக்கு வரலாம். இல்லாவிட்டால் மேட்டில் நிறுத்தி எடுக்கக் கற்றுக்கொள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ரயில்வே மேம்பாலத்துக்குத்தான் போக வேண்டும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க.

அப்புறம் ஒன்று. வண்டி கட்ட உட்காரும்போது பின் அச்சைத் தேர்ந்தெடுக்கிற அன்றே ஹேண்ட் பிரேக்கை முடிவு செய்யுங்கள். எல்லாம் முடிந்து பெயின்ட் அடித்தபின் என்னிடம் கொண்டுவந்து “அண்ணாச்சி, எங்கயாச்சும் ஒரு லீவர் வச்சிருங்க” என்றால், கேபிள் போக வேண்டிய இடத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கும்.

தம்பியின் வண்டியைக் கண்மாயிலிருந்து டிராக்டர் வைத்து இழுத்தோம். ஆம்னியின் டிரம்மும் பிளேட்டும் நல்லவேளையாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் அவன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்தன. புது ஷூ, புது கேபிள், ஆம்னியின் லீவரே. லீவரை இழுக்கும்போது வருகிற ஐந்தாவது ‘கிட்’ சத்தத்தில் பிடிக்கிற மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதே கண்மாய்க் கரையில் அதே இடத்தில் தண்ணீர் டேங்கோடு நிறுத்திவிட்டு, அவன் வீட்டில் எனக்குச் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பு. திரும்பி வந்து பார்த்தோம், இருந்தது. சிவப்பு லீவரைக் கழற்றிய இடத்தில் இப்போது தண்ணீர் பாட்டில் வைக்கிறான்.

மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒரு நாள் கேபிளைக் கழற்றி கிரீஸ் போட வரச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டியிருக்கிறான். அவன் டிஸ்க் இரண்டும் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. வந்தால், முன் சக்கரத்துக்கு மாட்டிக் கொடுக்கலாம்.